உப்பளத்துக்கு ஒரு ஹூட்

மேற்கே ரயில் ரோட்டுக்கும் கிழக்கே கடலுக்கும் நடுவில், பார்க்கிற கண்ணைச் சுருங்க வைக்கும் வெள்ளையாய் விரிந்து கிடக்கிற அந்த உப்பளங்களின் மேல் ஒரு கோடை முழுக்க மேகமில்லாமல் நிழல் விழுந்தது என்று தூத்துக்குடியில் யாரிடமாவது போய்ச் சொன்னால், அவர்கள் வாயைப் பிளக்க மாட்டார்கள்; அது தங்கபுஷ்பம் கேமராவுக்கு ஹூட் வாங்கின வருஷம் என்று சொல்லிவிட்டு, குடித்துக்கொண்டிருந்த டீயைக் குடித்து முடிப்பார்கள்.

தங்கபுஷ்பம் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவள். வீடு வீடாகப் படியேறி, நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்து, பல்லி ஓடுகிற பெட்டிகளுக்குள் எட்டிப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. ஊருக்கு வெளியே உப்பளத்து மோட்டார் ஷெட்டுகளும் அவள் பங்கில் வந்ததால், வரப்பின் மேல் தோள்பையும் தொப்பியுமாக அவள் நடந்து வருவதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, "கரண்டு அக்கா வாராவ" என்று அளத்துப் பெண்கள் பாத்திக்குள் இருந்து நிமிர்ந்து சிரிப்பார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவளுக்கு ஒரு கேமரா வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஏன் வந்தது என்று அவள் புருஷன் எபனேசர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்; துறைமுகத்தில் வேலை பார்த்த எபனேசர் அன்றைக்கு மட்டும் மீன்குழம்பு தானே வைத்து, அவள் வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பார்.

அவள் எடுக்க ஆசைப்பட்ட படம் ஒன்றே ஒன்றுதான். உச்சி வெயிலில், வெள்ளை அதன் உச்சத்தில் நிற்கிற நேரத்தில், உப்பளத்தை எடுக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் அதை எடுக்க ஊரில் பலபேர் இருந்தார்கள். வானம் சிவந்து தண்ணீரில் விழுந்து கிடக்கிற படங்கள் எல்லா கல்யாண மண்டபக் காலண்டர்களிலும் தொங்கின. தங்கபுஷ்பத்துக்கு வேண்டியது, அந்தப் பெண்கள் வேலை செய்கிற நேரத்து வெளிச்சம். ஆனால் எப்படி எடுத்தாலும், பக்கவாட்டிலிருந்து வெயில் லென்ஸுக்குள் புகுந்து, படத்தின் மேல் யாரோ பாலைக் கொட்டியது போல் எல்லாம் மங்கிப் போய்விடும். ஆளும் தெரியாது, உப்பும் தெரியாது.

அதற்கு என்ன மாட்டினால் சரியாகும் என்று கேட்கத்தான் அவள் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மீரான் பாயின் கேமராக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபில்டர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒன்றைத் திருகினால் எதிர்க்கடைக் கண்ணாடியில் இருந்த பளபளப்பு மறைந்து உள்ளே உட்கார்ந்திருக்கிற தையல்காரர் தெரிவார், அதை ரசித்துவிட்டு வைத்துவிடுவாள். ஃப்ளாஷை எடுப்பாள், இருக்கிற வெளிச்சமே தாங்கவில்லை இது எதற்கு என்று வைத்துவிடுவாள். ட்ரைபாடின் கால்களை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி, ஒரு பெருமூச்சோடு மூலையில் சாத்திவிடுவாள். மீரான் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. எதை வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களின் முகத்தில் வருகிற ஒரு வெளிச்சம் அவருக்குப் பிடிக்கும். வாங்கியவர்களின் முகத்தில் அது இருப்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் கணிப்பு.

"ஃபில்டர் போட்டா வானம் நல்லா நீலமா விழும்க்கா" என்றார் ஒருநாள்.

"வானத்துக்கு என்ன கொறை பாய், அது நல்லாத்தான இருக்கு. கீழ நிக்கிறவங்கதான் தெரிய மாட்டேங்காங்க."

மீரான் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணாடி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பூ விரிந்தது போல ஓரங்கள் வளைந்து வளைந்து இருந்த பிளாஸ்டிக் ஹூட்.

"இது லென்ஸுக்கு முன்னால மாட்டுறது. ஒண்ணும் செய்யாது. நிழல் மட்டும் குடுக்கும்."

தங்கபுஷ்பம் அதைக் கையில் வாங்கி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். கண்ணாடி இல்லை, திருகு இல்லை, பேட்டரி இல்லை. நெற்றிமேல் கையை வைத்துத் தூரத்தைப் பார்க்கிற ஒரு மனுஷியின் கை மாதிரி இருந்தது. "இதுதான் பாய்" என்று சொல்லி, பை கூட வேண்டாமென்று கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு உச்சி வெயிலில் அவள் அளத்துக்குப் போனாள். உப்பு வாரும் காலம் என்பதால் ஞாயிறென்று பார்க்காமல் பெண்கள் பாத்திகளில் நின்றார்கள். முழங்கால்வரை துணி சுற்றிக்கொண்டு, தலையில் சும்மாடும் அதன்மேல் கூடையுமாய், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரப்பில் நடந்து, கரையில் குவித்திருந்த அம்பாரத்தில் உப்பைக் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். எல்லார் முகமும் வெயிலுக்குச் சுருங்கி ஒரே முகமாக இருந்தது. தங்கபுஷ்பம் மோட்டார் ஷெட்டுப் பக்கத்து மேட்டில் ஏறி நின்று, ஹூட்டை லென்ஸில் வைத்துத் திருகி, அது சொடக்கென்று உட்கார்ந்ததும் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள்.

வைத்ததும் நிழல் விழுந்தது. லென்ஸின் மேல் மட்டுமல்ல, அவள் பார்த்த பாத்திகள் அத்தனையின் மேலும், வரப்பின் மேலும், அம்பாரத்தின் மேலும், நடந்துகொண்டிருந்த பெண்கள் மேலும் விழுந்தது. மேலே மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குப் பஞ்சு கூட இல்லை. நிழலின் ஓரம் ஹூட்டின் ஓரம் மாதிரியே இதழ் இதழாக வளைந்து கிடந்தது. அதற்கு வெளியே வெயில் வழக்கம்போல் வெள்ளையாய்க் காய்ந்தது. தங்கபுஷ்பம் நின்ற மேட்டில் நிழல் விழவில்லை.

பெண்கள் நின்றார்கள். கூடையைப் பிடித்திருந்த கையை விடாமல் கண்ணை மட்டும் உயர்த்தி வானத்தைப் பார்த்தார்கள், பிறகு மேட்டைப் பார்த்தார்கள். கண் சுருங்கவில்லை என்பது அவர்களுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அப்புறம் நடையைத் தொடர்ந்தார்கள். தங்கபுஷ்பம், வெளிச்சம் போய்விட்டதே என்று கேமராவைக் கீழே இறக்கினாள்; வெயில் தொப்பென்று திரும்ப விழுந்தது.

"ஏக்கா" என்று வரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. சுடலைவடிவின் குரல். அந்த அளத்தில் எல்லாரையும்விட நெடுநாளாக உப்பு வாருகிறவள். வெயில் அவள் கண்ணுக்குள்ளேயே குடியேறிவிட்டதால் மதியத்துக்கு மேல் ஆட்களை முகத்தை வைத்து இல்லாமல் நடையை வைத்து அடையாளம் சொல்வாள். "எதுக்கு எறக்குனீய? கொஞ்ச நேரம் பிடிங்க."

தங்கபுஷ்பம் பிடித்தாள். வேலை முடிகிறவரை பிடித்தாள். அன்றைக்கு அவள் எடுத்த படங்கள் எல்லாம் மங்கலாக, ஏதோ ஒரு நிழலில் ஏதோ சில ஆட்கள் நிற்கிற மாதிரிதான் வந்திருந்தன. எபனேசர் அவள் புறங்கழுத்தில் வெயில் சுட்டிருந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "மத்தவங்களுக்கு நிழலாக்கும், உனக்கு மட்டும் கெடையாதாக்கும்" என்றார். "பிடிக்கவங்க மேல விழாது போல" என்று அவள் சொன்னாள். அதற்கு மேல் இருவரும் அதை ஆராயவில்லை.

ஊர் ஆராய்ந்ததா என்றால் அதுவும் இல்லை. சேதி டீக்கடைக்கு வந்தபோது டீ மாஸ்டர் கேட்டது, "அப்போ வார ஞாயித்துக்கிழமை இங்கிட்டும் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க, பெஞ்சு நெருப்பா கொதிக்கி" என்பது மட்டும்தான். ரேஷன் கடையில் வரிசை நிற்கிறவர்கள் வந்து கேட்டார்கள், முழுப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து கேட்டார்கள், மாதா கோயில் சப்பரத்துக்காரர்களும் மாரியம்மன் கோயில் தீச்சட்டிக்காரர்களும் ஒரே சாயங்காலத்தில் வந்து அவள் வீட்டு முன்னறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்து, வெறுங்காலோடு வருகிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு என்பதை ஒத்துக்கொண்டு, தேதியைத் தங்களுக்குள்ளேயே தள்ளி வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். கல்லூரியிலிருந்து பௌதிகப் பேராசிரியர்கள் கருவிகளோடு வந்தார்கள். நிழலுக்கு உள்ளேயும் வெளியேயும் சூட்டை அளந்தார்கள், நிழல்தான் என்று உறுதி சொன்னார்கள், சொல்லிவிட்டு அதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கொண்டுவந்த லெமன் சாதத்தைச் சாப்பிட்டார்கள்.

வேண்டாமென்றும் வந்தார்கள். கடற்கரையில் கருவாடு காயப்போடுகிற பெண்கள் கூட்டமாக வந்து, "எங்களுக்குக் கோவம் ஒண்ணுமில்ல தாயி, எங்க பக்கம் மட்டும் திரும்பிறாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அப்பளம் போடுகிறவர்கள் வந்தார்கள், வேட்டி வெளுக்கிறவர் வந்தார். யாருக்கு வெயில் வேண்டும், யாருக்கு நிழல் வேண்டும் என்பது அவளுக்கு நினைவில் நிற்காது என்று ஊரே யோசித்து, வெயில் வேண்டுகிறவர்கள் மாடியில் சிவப்புத் துணியையும் நிழல் வேண்டுகிறவர்கள் பச்சைத் துணியையும் கட்டுவது என்று முடிவாயிற்று. சில வீடுகளில் மாமியார் வடகத்துக்குச் சிவப்பும் மருமகள் பிள்ளைக்குப் பச்சையும் கட்டினார்கள். அந்த வீடுகளைத் தாண்டும்போது தங்கபுஷ்பம் லென்ஸின் மேல் மூடியைப் போட்டுக்கொண்டு நடந்தாள். ஊரில் ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு கிளம்புகிற மற்றவர்கள் எல்லாரும் மீரான் கடையில் அதே ஹூட்டை வாங்கினார்கள். அவர்களுடையவை ஹூட் செய்கிற வேலையைச் செய்தன, படங்கள் துல்லியமாக விழுந்தன, அவர்கள் அதிலே திருப்தியாக இருந்தார்கள்.

ஆனால் எங்கே போனாலும் மதியத்துக்குள் அவள் அளத்துக்கு வந்துவிடுவாள். வெயில் அந்த வருஷம் அப்படி இருந்தது. பங்குனியிலேயே பாத்திக்குள் ஒரு பெண் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்திருந்தாள். தங்கபுஷ்பம் சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் எடுத்தாள். மேட்டின் மேல் கேமராவைக் கண்ணில் வைத்தபடி, வியர்வை முழங்கை வழியாக வடிய, கல்லில் அடித்து வைத்த மாதிரி நிற்கிற அவளை வரப்பில் நடக்கிறவர்கள் ஒவ்வொரு நடைக்கும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மோர் கொண்டுவந்து அவள் வாயில் ஊற்றுவாள், இன்னொருத்தி முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போவாள். எதற்கும் அவள் கண்ணை எடுப்பதில்லை.

அந்த அளத்துக்காரர் பெயர் தனசிங். வெள்ளை வேட்டியும் கூலிங் கிளாஸும் போட்டு, தினம் ஒருதரம் காரில் வந்து பாத்திகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர். கெட்ட மனுஷர் இல்லை. மயங்கி விழுந்த பெண்ணை அவருடைய காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஒருநாள் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துவந்து, மேட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"யம்மா, நீங்க நல்லதுதான் செய்யுதீய. நான் இல்லைங்கல. ஆனா கீழ எறங்கி வந்து இந்தத் தண்ணியக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

தங்கபுஷ்பம் கேமராவை இறக்கிவிட்டு வந்தாள். வெயில் விழுந்தது. பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். தனசிங் குனிந்து பாத்தித் தண்ணீரை விரலால் கலக்கினார். அடியில் பல்லுக்குத் தட்டுப்படுகிற அளவுக்குக்கூட உப்பு இறங்கவில்லை.

"இந்நேரம் வெளைஞ்சு நிக்கணும். தண்ணி தண்ணியாவே கெடக்கு. நிழல்ல உப்பு வெளையாதும்மா. ஐப்பசியில மழை வந்தா எல்லாம் முடிஞ்சிரும். உப்பு இல்லேன்னா இவுகளுக்கு வேலை ஏது? எனக்குத்தான் என்ன இருக்கு?"

அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாருபலகையை இழுக்கும்போது கைக்கு எதுவும் கனமாகத் தட்டுப்படவில்லை என்பதைப் பெண்கள் பல நாளாகவே தங்களுக்குள் கூடச் சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தார்கள். தங்கபுஷ்பத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. தான் கொடுத்தது அவர்கள் சோற்றில் கை வைத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஹூட்டைப் பிடித்துத் திருகிக் கழற்றப் போனாள்.

"அதக் கழட்டாதீங்கக்கா" என்றாள் சுடலைவடிவு. அவள் கண்ணிலிருந்து எப்போதும் போல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொண்டு, தனசிங் நின்ற பக்கமாகத் திரும்பினாள். "அண்ணாச்சி, உப்பு நடக்குதா? நாங்கதான நடக்கோம். பாத்திக்கு வெயில விடுங்க. வரப்புக்கு மட்டும் நிழல் போதும்."

"வரப்பு அம்புட்டுத்தான இருக்கு" என்றார் தனசிங், இரண்டு கையையும் கொஞ்சமாக அகட்டிக் காட்டி. "அதுக்குத் தக்கன சின்னதா விழுமா நிழலு?"

"பாத்துருவோம் அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம்.

அவள் மறுபடி மேட்டில் ஏறி, கேமராவைத் தூக்கி, ஜூமைத் திருகினாள். லென்ஸ் நீள நீள, கேமராவுக்குள் உலகம் குறுகக் குறுக, கீழே கிடந்த நிழலும் குறுகியது. குளம் அளவு இருந்தது ஒரு முற்றம் அளவு ஆனது, முற்றம் ஒரு பாய் அளவு ஆனது, பாய் சுருங்கி வரப்பின் மேல் ஒரு கறுப்பு ஜமக்காளத்தை விரித்த மாதிரி படிந்து நின்றது. இரண்டு பக்கமும் பாத்திகள் வெயிலில் தகதகவென்று எரிந்தன. பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நடந்தார்கள். அவள் அவர்களோடு சேர்த்துக் கேமராவை நகர்த்தினாள். ஆனால் அவ்வளவு தூரம் ஜூம் செய்தால், கையில் ஒரு நடுக்கம் வந்தாலே நிழல் வரப்பை விட்டு நழுவிப் பாத்திக்குள் விழுந்துவிடும். நடக்கிறவள் தலையில் பாதி வெயிலும் பாதி நிழலுமாக இருக்கும். மாலைக்குள் அவள் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போல் ஆனது.

"மூணு கால் உள்ளது ஒண்ணு வச்சு எடுப்பாங்கள்லா, கல்யாண வீட்டுல" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

இப்படித்தான், கோடை மழை தூறி வேலை நின்றுபோன ஒரு நாளில், அளத்துப் பெண்கள் எல்லாரும் லோடு ஆட்டோவில் ஏறி மீரான் பாயின் கடையில் வந்து இறங்கினார்கள். கடை நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, தையல்காரர் தன் ஸ்டூலைக் கொடுத்தார். மீரான் தன்னிடம் இருந்த ட்ரைபாட் எல்லாவற்றையும் விரித்து வரிசையாக நிறுத்தினார். பொண்ணு பார்க்க வந்தவர்களைப் போல அவர்கள் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து பார்த்தார்கள். காலைத் தட்டிப் பார்த்தார்கள், இடுப்பை வளைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி, தலைச்சுமை தாங்குமா என்று பார்க்கிற மாதிரி ஒன்றின் மேல் இரண்டு கையையும் ஊன்றித் தொங்கினாள். அது சறுக்கிக்கொண்டு போனதும் "இது ஆகாது" என்று எல்லாரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"இது உப்புத் தண்ணியில நின்னா துரு ஏறாதா பாய்?"

"கால்ல ஏறாதும்மா, திருகாணியில ஏறும்."

"அப்போ திருகாணி உள்ளுக்க இருக்கதக் காட்டுங்க."

மீரான் கார்பன் ட்ரைபாட் ஒன்றை எடுத்தார். துரு ஏறாது, கனமும் கிடையாது, ஒரு விரலால் தூக்கலாம் என்றார். சுடலைவடிவு தூக்கிப் பார்த்தாள். "கச்சான் காத்து அடிச்சா இது இலங்கைக்கே போயிருமே" என்றாள். அதற்காகத்தான் நடுத்தண்டின் அடியில் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள், அதில் எதையாவது கனமாகத் தொங்கவிடலாம் என்று மீரான் காட்டியதும் பெண்கள் அந்தக் கொக்கியைக் கையில் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்து, இதைச் செய்தவனுக்குக் காற்று அடிக்கிற இடத்தில் நின்று பழக்கம் உண்டு என்று மெச்சினார்கள். உப்பு மூட்டை ஒன்றைக் கட்டிவிட்டால் ஆயிற்று. அடுத்தது, கேமராவைத் திருப்புகிற தலைப்பகுதி. வெடுக்கென்று திரும்புகிறதும் இருந்தது, எண்ணெய் விட்டது போல் மெல்லத் திரும்புகிறதும் இருந்தது. மீரான் சுடலைவடிவைக் கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொல்லி, அவள் நடைக்குத் தக்கபடி திருப்பிப் பார்த்தார். அவள் தலையில் ஒன்றும் இல்லாமலேயே சுமையோடு நடக்கிற நடைதான் நடந்தாள், வேறு நடை அவளுக்கு மறந்து போயிருந்தது. மெல்லத் திரும்புகிறது அவளை விட்டு ஒரு இம்மி பிசகாமல் கூடவே போயிற்று.

உப்புக் காற்று கண்ணாடியில் படியாதிருக்க ஒரு ஃபில்டர், தூசியை ஊதுகிற ரப்பர்க் குடுவை, துடைக்க மெல்லிய துணி என்று ஒவ்வொன்றையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். கழுத்தில் மாட்டுகிற வாரில் மட்டும் எதுவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் கழுத்தை அறுக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒருத்தி தன் சும்மாட்டுத் துணியைக் கிழித்து இருக்கிற வாரிலேயே மெத்தென்று சுற்றித் தைத்துக் கொடுத்தாள். தங்கபுஷ்பம் பேச வாயெடுக்கவே இடமில்லாமல், ஸ்டூலில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் முகத்திலும் அந்த யோசிக்கிற வெளிச்சம் இருந்ததை மீரான் கவனித்தார். "இப்படி ஒரு வியாபாரம் நான் பாத்ததில்லக்கா" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

லீவு முடிந்து தங்கபுஷ்பம் மீட்டர் பார்க்கப் போக வேண்டி வந்தபோது இன்னொன்றும் தெளிவாயிற்று. கேமராவை ட்ரைபாடில் வைத்துவிட்டுப் போனால் நிழல் நிற்கவில்லை. கண் வைத்துப் பார்க்கிற துளையில் யாராவது ஒருவர் கண் இருந்தால்தான் நின்றது. யார் கண் என்று அதற்குக் கணக்கில்லை. ஆகவே பெண்கள் முறைவைத்துக்கொண்டார்கள். ஒருத்தி அம்பாரத்தின் மேல் வெயிலில் நின்று பார்ப்பாள், மற்றவர்கள் நிழலில் நடப்பார்கள். முதல் முறை சுடலைவடிவுக்கு வந்தது. "எனக்குக் கண்ணு தெரியாதுல்லாக்கா" என்று தயங்கினாள். தங்கபுஷ்பம் துளைக்குப் பக்கத்திலிருந்த சின்னச் சக்கரத்தை அவள் பார்வைக்குத் தக்கபடி திருகித் திருகி, "இப்போ? இப்போ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

சுடலைவடிவு நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ஏக்கா, தண்ணி ரோஸ் கலர்லா இருக்கு."

"உப்பு எறங்குறதுக்கு முந்தி அப்படித்தான இருக்கும். எப்பவும் உள்ளதுதான்."

"எனக்குத் தெரியாது பாத்துக்கோங்க. நான் வந்த நாள்லருந்து வெள்ளையாத்தான் இருந்துச்சு." பிறகு, கீழே நடந்துகொண்டிருந்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பேர் சொன்னாள். நடையை வைத்து அல்ல, முகத்தை வைத்து. சொல்லிக்கொண்டே இருந்தவளின் விரல் எதன் மேலோ அழுந்தி, கேமரா க்ளிக்கென்றது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த தங்கபுஷ்பம் அந்தப் படத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ரோஸ் நிறத் தண்ணீர் எரிய, நடுவில் நிழலான வரப்பில் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கூடையின் கனம் கழுத்து நரம்புகளில் தெரிந்தது. யாருடைய கண்ணும் சுருங்கியிருக்கவில்லை. முகங்கள் முழுசாகத் திறந்து, ஒன்று போல ஒன்று இல்லாமல், ஒருத்திக்கு வலது புருவத்தில் தழும்பும் ஒருத்திக்குச் சிரிக்கும்போது விழுகிற குழியுமாக, தனித்தனியாக இருந்தன. அவள் இவர்களை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் எபனேசரிடம் காட்டினாள். அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்து, "யார் எடுத்தது?" என்று கேட்டார். அவள் எடுக்கவில்லை என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "சுடலைவடிவு" என்று சொன்னபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

உப்பு விளைந்தது. பாத்திகளில் வெயிலும் வரப்பில் நிழலுமாக வைகாசி போய் ஆனி போய், கச்சான் காற்று ஊளையிட்டு அடித்தபோதும், உப்பு மூட்டையைத் தொங்கவிட்ட ட்ரைபாட் அசையாமல் நின்றது. அம்பாரங்கள் உயர்ந்துகொண்டே போயின. தனசிங் காரிலிருந்து இறங்கி, கூலிங் கிளாஸ் வழியாக எல்லாவற்றையும் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். நிழலைப் பற்றி அவர் நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை.

ஆடி மாசத்து ஞாயிறு ஒன்றில், காற்றே இல்லாமல் வெயில் அப்படியே நின்றுகொண்டிருந்த மதியத்தில், தங்கபுஷ்பம் அம்பாரத்தின் மேல் நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே அவள்தான். லாரிகள் வந்து காத்திருந்ததால் எல்லாப் பெண்களும் சுமை தூக்கப் போயிருந்தார்கள். முறை மாற்ற ஆள் இல்லை. வரப்பின் பாதித் தூரத்தில் வரிசை வந்துகொண்டிருந்தபோது அவளுக்குக் காது அடைத்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி, துளைக்குள் தெரிந்த பெண்கள் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி நெளிந்தார்கள். கண்ணை எடுத்தால், தலையில் முழுச்சுமையோடு நடுவரப்பில் நிற்கிறவர்கள் மேல் வெயில் ஒரேயடியாக விழும். அவள் கண்ணை எடுக்காமலேயே, "யாராவது இருக்கீயளா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா இருக்கேன்" என்றது தனசிங்கின் குரல். லாரிகளைச் சீக்கிரம் அனுப்பச் சொல்ல வந்தவர் அம்பாரத்தின் அடியில் நின்றிருந்தார். "என்ன வேணும்?"

"மேல வாங்க அண்ணாச்சி. கண்ண வையுங்க."

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லம்மா."

"பழக்கம் ஒண்ணும் வேண்டாம். பாத்துக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான். சீக்கிரம் வாங்க."

உப்பு காலடியில் நொறுங்க அவர் மேலே ஏறி வருவது கேட்டது. கூலிங் கிளாஸைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அவள் தலையை விலக்கிய அதே நொடியில் அவர் கண்ணை வைத்தார். நிழல் ஒருதரம் சிலிர்த்துவிட்டு நின்றது. வரப்பில் இருந்தவர்களுக்கு நிழல் சிமிட்டியது தெரிந்தது, நிமிர்ந்து பார்த்தார்கள். அம்பாரத்தின் உச்சியில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஆள் குனிந்து நிற்பதைப் பார்த்தார்கள். அது யாரென்று முன்னால் வந்தவள் பின்னால் வந்தவளிடம் சொல்ல, அந்தச் சொல் வரிசையின் கடைசிவரை போயிற்று.

தனசிங்கின் சட்டைப்பையில் போன் அடித்தது, அடித்து நின்றது, மறுபடி அடித்தது. பிடரியில் வெயில் இறங்கி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ட்ரைபாடின் கைப்பிடியை மெல்ல, மெல்ல, அவர்கள் நடைக்குத் தக்கபடி நகர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்து, துளையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்தக் கடைசியில வாரது யாரு, கால் தாங்கி நடக்கு?" என்று கேட்டார்.

"அந்தோணியம்மா. பங்குனியில மயங்கி விழுந்தாள்லா, அவதான்."

"மெதுவா வரச் சொல்லுங்க" என்றார். பிறகு தானே குரலை உயர்த்தி, "மெதுவா வாங்க தாயி, லாரி நிக்கட்டும்" என்று சொன்னார்.

தங்கபுஷ்பத்துக்குக் கை காலியாக இருந்தது. இந்தக் கோடையில் பகல் வேளையில் அளத்தில் அவள் கை காலியாக இருப்பது இதுதான் முதல்தடவை. அம்பாரத்திலிருந்து இறங்கி, தண்ணீர் குடிக்கலாம் என்று மோட்டார் ஷெட்டுப் பக்கம் திரும்பியவளை, வரப்பின் நுனிக்கு வந்துவிட்ட சுடலைவடிவு கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் அவள் ஓரடி எடுத்து வைத்தாள். வைத்த அடி நிழலுக்குள் விழுந்தது.

தான் விழவைத்த நிழல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. குளிர்ச்சி என்று நினைத்திருந்தாள். குளிர்ச்சி அல்ல. யாரோ இத்தனை நேரமும் அவள் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கையை எடுத்துவிட்டது போல இருந்தது. வெயிலில் அடங்கிக் கிடந்த வாசனைகள் இங்கே எழுந்து நடமாடின. ஈர மண், வியர்வை, யாரோ தலையில் வைத்திருந்த பழைய கனகாம்பரம். காலடியில் உப்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவள் கண்கள் தாமாகவே விரிந்தன.

"எப்படி இருக்கு?" என்றாள் சுடலைவடிவு.

கூடைகளைக் கொட்டிவிட்டுப் பெண்கள் திரும்பத் தொடங்கினார்கள். தங்கபுஷ்பம் அம்பாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி பாவம், ரொம்ப நேரமா வெயில்ல நிக்காவ. நான் போய் மாத்திவிடுதேன்."

"நிக்கட்டும்" என்றாள் சுடலைவடிவு, பிடித்த கையை விடாமல். "நீங்க வாங்க, ஒரு நடை போயிட்டு வருவோம்."

அவர்கள் வரப்பில் திரும்பி நடந்தார்கள். மேலே தனசிங் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் திருப்பினார். நிழல் அவர்களுக்கு முன்னால் போய் விரிந்து விரிந்து வழிவிட்டது.